பெட்டி மேல் எழுதிய எடை

மார்லா பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பா வெர்லினின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய வேட்டைத் தோழர் ஓர்வல் மறுபடியும் ஏழு மில்லிப் பேச்சை எடுத்தார்.

“அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஏழு மில்லி மேக்னம் துப்பாக்கி வாங்குடா, தோளுக்கு இதமா இருக்கும்னு. கேட்டியா? முந்நூறுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன. இப்ப என்னாச்சு?”

வெர்லின் கண்ணைத் திறக்கவில்லை. “ஏழு மில்லிய வச்சு முயல் சுடு, போ” என்றார்.

“வாய் மட்டும் குறையல பாரு.”

“குறையாது.”

அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கூடத்து ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள், படுத்தபடியே சேண மேடு தெரியட்டும் என்று. மேட்டின் உச்சியில் போன வாரம் விழுந்த பனி இன்னும் கிடந்தது. வெர்லின் நாற்பது வருடம் அந்தப் பக்கத்து மண் சாலைகளைச் சமன் செய்து, குளிர்காலத்தில் பனி தள்ளிய வண்டிக்காரர். இப்போது எழுபத்து நான்கு வயது. எலும்புக்குள் புற்று. நர்ஸ் காலையில் வந்துவிட்டு, இன்றோ நாளையோ என்று சமையலறையில் வைத்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா அதிலிருந்து கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வயோமிங்கின் இந்த மூலையில் ஒருவரிடம் என்ன மதம், என்ன கட்சி என்று யாரும் கேட்பதில்லை. எந்த மேக்னம் என்று மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். முந்நூறுக்காரர்கள் ஒரு பக்கம், ஏழு மில்லிக்காரர்கள் ஒரு பக்கம். முந்நூறு கனமான குண்டைத் தள்ளும். குறுக்குக் காற்றுக்கு அசையாது. ஐந்நூறு கெஜம் தள்ளி நிற்கும் எல்க் என்ற பெரிய மானினத்துக் காளையின் விலாவைத் துளைத்து உள்ளே போகும். ஆனால் சுட்டவன் தோளையும் பதம் பார்க்காமல் விடாது. ஏழு மில்லிக்கு மெல்லிய குண்டு, உதை குறைவு, நேர்கோடு பிடித்தாற்போல் போகும். அடிபட்ட காளை நூறு அடி கூடுதலாக நடக்கும் என்பார்கள் முந்நூறுக்காரர்கள். நீ ஒழுங்காகச் சுட்டால் ஏன் நடக்கிறது என்பார்கள் மற்றவர்கள். இதில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். வெர்லின் வாலிபத்தில் இரண்டையும் விடப் பெரிய முந்நூற்று முப்பத்தெட்டை வாங்கி, முதல் நாளே அதன் மேலிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப் வந்து இடித்து இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டவர். பிறை போல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை விற்றுவிட்டு முந்நூறு வாங்கினார். புத்தி வந்தும் பாதிதான் வந்தது என்று ஓர்வல் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அது கெடக்கட்டும்” என்றார் ஓர்வல். குரலைக் கொஞ்சம் தணித்தார். “அந்தக் காளைய எப்படிடா விட்ட? நானூத்தி எண்பது கெஜம். காத்து இல்ல. படுத்துக்கிட்டு, மூட்டை மேல துப்பாக்கிய வச்சு, ஆற அமரச் சுட்ட. பக்கத்துலயே நான் பாத்துக்கிட்டிருந்தேன். முன்னங்கால்ல போய் அடிச்சுது. நாப்பது வருஷத்துல நீ அப்படிச் சுட்டு நான் பாத்ததில்ல.”

மார்லாவின் கை பஞ்சுக் குச்சியோடு நின்றது. பதினேழு நாட்களாக அந்தக் கேள்வியை ஊரில் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

“தோள் சுருங்கிடுச்சுடா” என்றார் வெர்லின்.

ஓர்வல் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“துப்பாக்கி மேல பழி போடாத. எனக்குத்தான். உதைக்கப் போவுதுன்னு தோள் முன்னாடியே சுருங்கிடுச்சு.”

பெரிய துப்பாக்கி சுடுகிறவன் உடம்புக்கு அந்த உதை ஞாபகம் இருக்கும். விசையை அழுத்தும் நொடியில் தோள் தானாக உள்வாங்கும், குழல் ஒரு மயிரிழை அசையும், குண்டு எங்கோ போகும். எல்லோருக்கும் ஒரு நாள் வருவதுதான். ஆனால் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியை அடித்ததை மதுக்கடையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டவன் எங்கள் ஊரில் உண்டு. தோள் சுருங்கியதை ஒப்புக்கொண்டவன் இல்லை.

“கேட்டியா பாப்பா?” என்றார் ஓர்வல். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அது பாதியில் நின்றும் போனது. “உங்கப்பன் வாயாலயே சொல்லிட்டான். நீதான் சாட்சி.”

மார்லா தலையாட்டினாள். அப்பாவின் தோள் சுருங்கவில்லை என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அந்தத் தோட்டாவைச் செய்தவள் அவள்.

வெர்லின் கடையில் தோட்டா வாங்குகிறவர் அல்ல. சுட்ட பித்தளைக் கூட்டையே எடுத்துவந்து, கொட்டகை மேசையில் மறுபடி வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்துவார். இரண்டு வருடமாகக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து மார்லாதான் நிரப்பினாள். கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். மருந்து நிறுக்கப் பழகிய கை. கோதுமை மணியை விடச் சற்றுக் கனமான ஓர் அளவு, கிரெய்ன் என்பார்கள். முந்நூறுக்கு அப்பா வைத்திருந்த கணக்கு எழுபத்திரண்டு கிரெய்ன் மருந்து. ஸ்கோப் மேலே இருக்கும் திருகில் தூரத்துக்குத் தூரம் அவர் கீறி வைத்திருந்த கோடுகளெல்லாம் அந்த எழுபத்திரண்டை நம்பித்தான்.

செப்டம்பரில் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். வலது தோள் எலும்பு செல்லரித்த சட்டம் மாதிரி இருந்தது. ஒரு நல்ல இடி பட்டால் ஒடிந்துவிடும் என்றார். வரும் வழியில் மார்லா, ஓர்வல் மாமாவின் ஏழு மில்லியை இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள்.

“சாகப் போற நேரத்துல கட்சி மாறச் சொல்றியா?” என்றார் வெர்லின்.

“அப்ப இந்த வருஷம் போகாதீங்கப்பா.”

“இந்த வருஷம் போகாம எந்த வருஷம் போறது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தூங்கும்போது, கொட்டகையில் உட்கார்ந்து இருபது தோட்டா நிரப்பினாள். எழுபத்திரண்டு அல்ல, அறுபத்தொன்று. உதை நன்றாகக் குறையும். பிறகு பெட்டியின் மேல் ஒட்டும் காகிதத்தில் எப்போதும் போலத் தேதி, குண்டின் எடை, மருந்து 72, நிரப்பியவர் மா. என்று எழுதினாள். அந்த 72 எழுதும்போது அவளுக்குக் காது சூடானது. தோட்டா நிரப்புகிறவர்கள் நடுவில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், பிடித்த மீனைப் பற்றி, சுட்ட தூரத்தைப் பற்றி. பெட்டி மேல் மட்டும் பொய் எழுதக் கூடாது. “அதுல இருக்கிறத நம்பித்தான் ஒருத்தன் கன்னத்துல துப்பாக்கிய வைக்கிறான்” என்பார் அப்பா.

வேட்டைக்கு முன் வழக்கமாகச் சுட்டுப் பார்க்கும் மூன்று குண்டையும் தோளுக்கு ஆகாது என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அவர் எப்போதும் போல ஊற்றுப் பக்கம் உட்கார்ந்து நூற்றைம்பது கெஜத்தில் சுடுவார், அந்தத் தூரத்தில் ரெண்டு விரல் கீழே போகும், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள். காளை ஊற்றுப் பக்கம் வரவில்லை. பள்ளத்துக்கு எதிர்ச்சரிவில் வந்து நின்றது. வெர்லின் திருகை நானூற்று எண்பதுக்குத் திருப்பினார். எழுபத்திரண்டுக்குக் கீறிய கோட்டில் அறுபத்தொன்று பறந்தது. ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துபோய் முன்னங்காலை ஒடித்தது.

கிழவர்கள் இருவரும் இரண்டு நாள் ரத்தத்தின் பின்னால் நடந்தார்கள். மூன்றாம் நாள் பனி விழுந்து தடம் மறைந்தது. வீட்டுக்கு வந்த சாயங்காலம் வெர்லின் வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நிறுத்தினார். மார்லா குனிந்து அவிழ்த்தாள்.

“இந்த வருஷம் தோளே வலிக்கல” என்றார் அவர், அவள் தலைக்கு மேலே.

“நல்லதுப்பா” என்று பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த நாளைக்கு அடுத்த நாள் அவர் படுக்கையில் விழுந்தார். அதற்குப் பிறகு தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். காலொடிந்த காளை ஒன்று மலையில் எங்கோ கிடந்து செத்தது தன்னால் என்பதே அவளை அரித்தது. இப்போது அதன் மேல் இது. கையாலாகாதவனாய்ச் சுட்டேன் என்று நினைத்துக்கொண்டே இந்த மனிதர் சாகப் போகிறார்.

இரண்டு மணிக்கு ஓர்வல் தன் குதிரைகளைப் பார்க்கப் போனார். அம்மா, பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேலி வரைக்கும் போனாள். மார்லா நாற்காலியைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டாள்.

“அப்பா. அந்தத் தோட்டாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

வெர்லினின் விரல்கள் போர்வை மேல் அசைந்தன. “தராசு” என்றார்.

“என்னப்பா?”

“தராச... பூஜ்யத்துக்குத் தள்ளிடு.”

கொட்டகைத் தராசைச் சொல்கிறார் என்று புரிந்தது. பழைய தண்டுத் தராசு. வேலை முடிந்ததும் எடையைப் பூஜ்யத்துக்குத் தள்ளி வைக்காமல் எழுந்தால் சின்ன வயதில் அவளுக்குத் தலையில் குட்டு விழும். மருந்து மயக்கத்தில் ஏதோ பழசில் இருக்கிறார் என்று நினைத்தாள்.

“சரிப்பா, தள்ளிடறேன்.”

“மறக்காத.”

“மறக்கல. அப்பா, நான் அந்தத் தோட்டாவுல...”

அவர் வாய் திறந்திருந்தது. மூச்சு நீளமாக ஒன்று வந்து, வெகுநேரம் நின்று, மறுபடி வந்தது. கதவு திறந்து அம்மா வந்தாள். கையைத் துடைத்தபடியே நின்று பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் போர்வையோடு பிடித்துக்கொண்டாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, நின்ற மூச்சு திரும்பவில்லை.

மார்லாவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். தன் மேல்தான். பதினேழு நாள் இருந்தது, ஒரு நிமிடம் போதும் சொல்வதற்கு.

நர்ஸ் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மீதி இருந்த வலி மருந்தை, யாரும் எடுத்துவிடாதபடி, சட்டப்படி பூனை மணலில் கொட்டிக் கலக்கிப் பையில் கட்டினாள். வண்டி வந்து அவரை எடுத்துப் போனது. ஐந்து மணிக்கு மேல் கூடத்தில் வெறும் கட்டில் மட்டும் இருந்தது.

அம்மா அப்பாவின் பணப்பையைத் திறந்து மேசையில் கொட்டினாள். அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தது இந்த வருடத்து எல்க் வேட்டைச் சீட்டு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது ஏன் வெட்டியிருக்கு?”

காளையை வீழ்த்தியதும் அந்தச் சீட்டில் மாதமும் தேதியும் உள்ள கட்டங்களைக் கத்தியால் வெட்டி எடுத்து, மான் மேல் கட்ட வேண்டும். அதோடு அந்த வருடத்து வேட்டை முடிந்தது. சீட்டில் அக்டோபரும் மூன்றும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன.

“காளைதான் கிடைக்கலையே” என்றாள் அம்மா.

“கிடைக்கலன்னாலும் அது அவர் சுட்டதுதானேம்மா. அதான் வெட்டிட்டாரு.”

சட்டம் அப்படிக் கேட்பதில்லை. கண்டுபிடிக்காத மான் கணக்கில் வராது, இன்னொன்று சுடலாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் சுடுவார்கள். அடித்தது என்னுடையது என்று தன் சீட்டைத் தானே வெட்டிக்கொள்கிற பழைய ஆட்களும் உண்டு. அதுதான் அவருடைய கடைசிச் சீட்டு என்று வெட்டும்போது அவருக்குத் தெரிந்திருக்கும். மார்லா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“இப்பவாவது எதையாவது செய்யணும்” என்று அம்மா அலமாரிகளைத் திறந்தாள். “கேக் சுடலாம்னா அந்தக் காகிதக் கிண்ணங்களக் காணோம். புதுப் பாக்கெட். இங்கதான் வச்சேன். இந்த வீட்டுல வச்சது வச்ச இடத்துல இருந்ததே கிடையாது.”

“நான் கடையில வாங்கிட்டு வரேன்மா.”

“கடையில எதுக்கு? இங்க இருந்துச்சு.” கிண்ணம் கிடைக்காததற்காக அம்மா அங்கேயே நின்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அவருடைய பச்சைக் கம்பளிச் சட்டையின் பையில் மார்லா அந்த வெட்டிய சீட்டை வைத்துப் பொத்தானைப் போட்டாள். கல்லறையில் காற்று அதிகம், பாஸ்டர் சுருக்கமாக முடித்தார். பிறகு எல்லோரும் சர்ச்சுக் கூடத்துக்கு வந்தார்கள். நீண்ட மேசைகளில் பன்றித் தொடை, எல்க் சாஸேஜ், சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. அதற்குச் சாவு உருளைக்கிழங்கு என்றே எங்கள் பக்கம் பெயர். நாலு வீட்டிலிருந்து நாலு தட்டு வந்திருந்தது, எதில் உப்பு சரி என்று பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

மார்லா சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை, ஊரிடமாவது சொல்லிவிட வேண்டும். அவர் தோள் கடைசி வரை நின்றது, தோட்டாதான் பொய். கோட்டுப் பையில் நாலு வரி எழுதி மடித்து வைத்திருந்தாள். வெர்லினைப் பற்றி யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்று பாஸ்டர் சொன்னதும் ஓர்வல் எழுந்துவிட்டார்.

“எல்லாருக்கும் தெரியும், நான் ஏழு மில்லி” என்று ஆரம்பித்தார். பாதிக் கூடம் கை தட்டியது, பாதி ஊளையிட்டது. “இவன் முந்நூறு. பன்னெண்டு தடவ வேட்டையில ஒரே கூடாரத்துல படுத்திருக்கோம். பன்னெண்டு தடவயும் சண்டை. இவன் குறட்டையும் முந்நூறுதான். புருவத்துல தழும்பு இருக்கே, அது கரடி அடிச்சதுன்னு ஐலீனக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி அவகிட்ட கதை விட்டான். கரடியும் இல்ல கிரடியும் இல்ல, சொந்தத் துப்பாக்கி!” அம்மாவே சிரித்தாள். “ஆனா சாகற அன்னிக்கு என்னக் கூப்பிட்டு வச்சு, ‘தோள் சுருங்கிடுச்சுடா’ன்னு சொன்னான். ஆமாய்யா, வெர்லின் சொன்னான்! மார்லா சாட்சி. அப்படிச் சொல்றதுக்கு எத்தன தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கும் சுருங்கியிருக்கு. நான் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்.” கூடம் முழுக்கச் சிரித்து, பிறகு அடங்கியது. பின் வரிசையில் இரண்டு மூன்று கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மார்லா கையைக் கோட்டுப் பையில் விட்டாள். ஓர்வல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் சரிந்தார். அவள் காதருகே குனிந்தார்.

“பாப்பா, மறந்துடுவேன். உங்கப்பன் என்னோட தோட்டா பிரிக்கிற சுத்தியல வாங்கிட்டுப் போயிட்டான். எடுத்து வை, அப்புறமா வந்து வாங்கிக்கறேன்.”

“எப்ப வாங்கினாரு?”

“மலையில இருந்து வந்தோம்ல, அதுக்கு மறுநாள். கை இந்த நடுக்கம் நடுங்குது, எதப் பிரிக்கப் போறேன்னு கேட்டேன். சும்மா ஒரு சந்தேகம்னான்.”

“மார்லா?” என்றார் பாஸ்டர். “நீ ஏதாவது சொல்றியாம்மா?”

நூறு முகங்கள் திரும்பின. அவள் எழுந்தாள். “இல்ல பாஸ்டர், கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்து ஓர்வல் பின்னாலேயே போனார்.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவள் வீட்டுக்குள் போகவில்லை. பின்பக்கம் சுற்றிக் கொட்டகைக் கதவின் கொண்டியை எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அங்கே கால் வைக்கவில்லை. மத்தியான வெளிச்சம் மேசை மேல் நேராக விழுந்திருந்தது.

அம்மா தேடிய காகிதக் கிண்ணங்கள் மேசை ஓரமாக வரிசையாக இருந்தன. பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கரிய மருந்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிரித்தெடுத்த குண்டு, அதற்குப் பின்னால் பித்தளைக் கூடு. சில குண்டுகளின் மூக்கு நசுங்கியிருந்தது, சுத்தியல் தவறிப் பட்டிருக்கும். மருந்து துளி சிந்தவில்லை. நடுவில் தராசு. அதன் எடை பூஜ்யத்தில் இல்லை.

“என்ன பாப்பா இது?” ஓர்வல் மூச்சு வாங்கியபடி வந்து நின்றார். சுத்தியலைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். “ஏன் அறுபத்தொண்ணுல நிக்குது? வெர்லின் பூஜ்யத்துல வைக்காம எழுந்திரிக்க மாட்டானே.”

ஓர்வல் பெட்டியை எடுத்து மேலே ஒட்டியிருந்ததைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

“எழுபத்திரண்டுன்னு இருக்கு. இது யாரு எழுத்து?”

“என்னோடது.”

அவர் ஒரு கிண்ணத்து மருந்தைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார். தண்டு ஆடி நேராக நின்றது. அதை எடுத்துவிட்டு இன்னொன்று. அதுவும் நேராக நின்றது. வரிசையின் கடைசியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதுவும்.

“ஒண்ணு கொறஞ்சா கைத்தவறு” என்றார் ஓர்வல், மெதுவாக. “பத்தொம்பதும் ஒரே எடைன்னா...”

“டாக்டர் எலும்புப் படத்தக் காட்டினாரு மாமா. உதையில ஒடிஞ்சிரும்னாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. சொன்னா கேக்க மாட்டேன்னுட்டாரு. இவ்வளவு தூரத்துல சுடுவாருன்னு நெனைக்கல.”

ஓர்வல் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார்.

“அப்ப அவன் தோள் சுருங்கல.”

“இல்ல.”

“அது அவனுக்கும் தெரியும். இங்க உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு, அதுக்கப்புறம் என்கிட்ட சுருங்கிடுச்சுன்னு சொல்லியிருக்கான்.”

“ஆமா.”

“நாப்பது வருஷமா அவன் வாயில இருந்து அந்த ஒரு வார்த்த வந்துடாதான்னு காத்துக் கெடந்தேன். வந்துச்சு. இப்ப ஊரக் கூட்டிச் சொல்லிட்டும் வந்துட்டேன்.” தொப்பியின் விளிம்பைத் தடவினார். “அதுவும் பொய்யா? படுபாவிப் பய.”

மார்லா அழுதாள். மூன்று நாளாக வராதது இப்போது சத்தத்தோடு வந்தது. ஓர்வல் தடுக்கவில்லை. கைக்குட்டையைத் தேடினார், இல்லை, மேசை மேல் கிடந்த துப்பாக்கி துடைக்கும் துணியை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார்.

“நான் போய்ச் சொல்லிடறேன் மாமா” என்றாள் கொஞ்சம் கழித்து. “எல்லாரும் இன்னும் அங்கதான் இருக்காங்க. அவர் பேரு இப்படி நிக்கக் கூடாது.”

“போய்ச் சொல்லு. நான் தடுக்கல.” ஓர்வல் நசுங்கிய ஒரு குண்டை எடுத்து விரலில் உருட்டினார். “நல்ல கைக்கே ஒரு தோட்டாவப் பிரிக்க நாலு அடி வேணும். அவன் கைக்கு எத்தன ஆகியிருக்கும்? மறுநாளே படுத்துட்டான். இத்தன பாடுபட்டுத் தெரிஞ்சுக்கிட்டத ஏன் வாயத் தொறந்து சொல்லலன்னு யோசிச்சுட்டு, அப்புறம் போய்ச் சொல்லு. நான் என் கதைய மாத்தப் போறதில்ல. என்கிட்ட அவன் சொன்னது அதுதான்.”

அவள் கோட்டுப் பைக்குள் இருந்த காகிதத்தை வெளியே எடுக்கவில்லை.

“சொன்னப்ப உன்னப் பாத்தானா?” என்று கேட்டார் ஓர்வல்.

“இல்ல. கண்ணத் தொறக்கல.”

“அதானே. தொறந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்.”

வெளியே யாரோ கார்க் கதவை அறைந்து சாத்தினார்கள். கூடம் கலையத் தொடங்கியிருந்தது.

“கடைசியாத் தராசப் பத்தித்தான் சொன்னாரு” என்றாள் மார்லா. “பூஜ்யத்துக்குத் தள்ளிடு, மறக்காதன்னு. நான் மருந்து மயக்கம்னு நெனச்சேன்.”

“அப்பத் தள்ளு. எதுக்கு என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிற?”

அவள் தட்டில் இருந்த மருந்தைக் கிண்ணத்தில் கொட்டினாள். பெரிய எடையை அறுபதிலிருந்து பல் பல்லாகப் பின்னால் தள்ளினாள், பிறகு சின்ன எடையை ஒன்றிலிருந்து. தண்டு மேலும் கீழும் ஆடியது. ஆடும்போது பக்கத்தில் மூச்சு விடக் கூடாது, மூச்சுக் காற்றுக்கே அது ஏமாந்துவிடும். ஓர்வல் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். மார்லா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அது நிற்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.